சேற்றில் இறங்கும் வண்டியின் எஞ்சின் கொதிக்காமல் இருக்க என்ன செய்யலாம்?

கதவிலும் பானெட்டிலும் அப்பிய சேறு கண்ணுக்குத்தான் உறுத்தும். எஞ்சினைக் கொதிக்க வைப்பது ரேடியேட்டர் இடுக்கில் போய் உட்காரும் சேறு. ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே காற்று புகுந்தால்தான் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், ஆறும். அந்த வழி அடைபட்டால் ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றியும் பலனில்லை.

படி 1: கிளம்புவதற்கு முன்

எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் வெறும் தண்ணீர் ஊற்றி ஒப்பேற்ற வேண்டாம். சாதாரணக் காற்றழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். கூலன்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் சுமார் 106 டிகிரி வரை தாங்கும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் 120 டிகிரியையும் தாண்டும். அதனால் மூடியின் ரப்பர் வாஷர் வெடித்திருந்தால் உடனே மாற்றிவிடுங்கள். ஹோஸ்களையும் அழுத்திப் பாருங்கள்; கொழகொழவென்றோ வெடிப்போடோ இருந்தால் அதுவும் மாற்ற வேண்டியதுதான்.

சேற்றைத் தடுக்க வண்டியின் முன்பக்கக் கம்பித் தடுப்பான கிரில்லில் கொசுவலை மாதிரி நெருக்கமான வலை கட்டுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். முதலில் அடைவது அந்த வலைதான்.

படி 2: டார்ச் சோதனை

எஞ்சினை அணைத்து, ஆறிய பிறகு, ரேடியேட்டருக்குப் பின்னால் டார்ச்சைப் பிடித்து முன்பக்கம் வந்து பாருங்கள். சுத்தமான இடத்தில் வெளிச்சம் பொடிப்பொடியாகத் தெரியும்; இருட்டாக இருக்கும் இடத்தில் சேறு இருக்கிறது. பல வண்டிகளில் ரேடியேட்டருக்கு முன்னால், ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சர் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட சேறு வெளியே தெரியவே தெரியாது. முன்பக்கம் பளிச்சென்று இருந்தும் வண்டி சூடானால் எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான்.

படி 3: சேற்றில் ஓட்டும்போது

ஃபோர் லோவில் (நான்கு சக்கரமும் இழுக்கும் மெதுவான கியரில்) போட்டு, ஒரே சீராக, நிதானமாகப் போங்கள். சர்ரென்று பாய்ந்தால் சேறு நேராக கிரில்லுக்குள்தான் போகும்.

படி 4: டெம்பரேச்சர் முள் ஏறினால்

ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள். கேபினில் வேர்த்துக் கொட்டும், ஆனால் எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கு அந்த வழியாக வெளியேறும். அப்படியும் இறங்காமல் சிவப்புக் கோட்டைத் தொட்டாலோ, ஆவி வந்தாலோ, ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். அரை மணி நேரமாவது காத்திருங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அடைபட்ட கூலன்ட் பீய்ச்சியடித்து முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். கொதிக்கும் எஞ்சின் மேல் பச்சைத் தண்ணீரும் ஊற்றாதீர்கள், உலோகம் விரிசல் விட வாய்ப்பு உண்டு.

படி 5: திரும்பியதும் கழுவுங்கள்

அன்றைக்கே செய்துவிடுங்கள். காய்ந்த சேறு களிமண் ஓடு போல இறுகிவிடும். எஞ்சின் ஆறட்டும், அப்புறம் சாதாரணக் குழாய்த் தண்ணீரை எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக விடுங்கள். சேறு வந்த வழியே வெளியேறும். பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் மேல் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிரஷர் வாஷரை ரேடியேட்டருக்குக் கிட்டே கொண்டுபோனால் அலுமினியத் தகடுகள் மடங்கிவிடும், மடங்கிய இடத்திலும் காற்று போகாது. இறுகிப்போயிருந்தால் நனைத்து ஊறவிட்டு, மறுபடி நனையுங்கள். கலங்கல் போய்த் தெளிந்த தண்ணீர் வரும்வரை விடாதீர்கள்.

சக்கரத்தின் உள்விளிம்பையும் கழுவுங்கள், அங்கே சேறு தங்கினால் வேகமாகப் போகும்போது ஸ்டீயரிங் உதறும். ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். கடைசியாக அதே டார்ச்சை இன்னொரு முறை பின்னால் பிடியுங்கள்.