லூபஸ் நோயில் சிறுநீரகம் வலிக்காது

லூபஸ் என்று மருத்துவர் சொன்னதும், உடம்பில் எதிர்ப்புச் சக்தி போதவில்லை என்று வீட்டார் தாமே முடிவுகட்டி, அதைக் கூட்டுவதாக விற்கப்படும் மாத்திரைகளையும் பொடிகளையும் வாங்கித் தருவது பரவலாக நடக்கும் தவறு. இந்த நோயில் எதிர்ப்புச் சக்திக்குப் பஞ்சமே இல்லை. அது சொந்த உடம்பின் மீதே பாய்வதுதான் சிக்கல். குதிரைமசால் (அல்ஃபால்ஃபா) முளையில் உள்ள எல்-கேனவனைன் என்னும் அமினோ அமிலம் நோயைக் கிளறிவிடக்கூடும் என்பதால், அந்த முளையைக்கூட மருத்துவர்கள் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

உடம்பில் அன்றாடம் மடியும் செல்களை உடனுக்குடன் அகற்றும் துப்புரவு வேலை லூபஸில் தாமதமாவதால், உட்கருவில் இருக்க வேண்டிய டி.என்.ஏ. வெளியே சிதறுகிறது. அதை வைரஸின் மரபுப்பொருள் போலக் கருதி, சில செல்கள் இன்டர்ஃபெரான் என்னும் எச்சரிக்கைப் புரதத்தைப் பெருமளவில் சுரக்க, பி செல்கள் என்னும் வெள்ளையணுக்கள் அந்த டி.என்.ஏ.வுக்கு எதிரான எதிர்ப்பொருள்களை உருவாக்குகின்றன. இவை டி.என்.ஏ.வோடு சேர்ந்து உண்டாகும் திரள்கள் சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகளில் படிந்து, எதிர்ப்புச் சக்திக்குத் துணைநிற்கும் காம்ப்ளிமென்ட் புரதங்களை அங்கே தூண்டிவிட, வடிகட்டி புண்ணாகிறது. நோய் முற்றும்போது ரத்தத்தில் அந்தப் புரதங்களான சி3, சி4 அளவு குறைவது, அவை இப்படிச் செலவாகிவிடுவதால்தான்.

இத்தனை நடந்தாலும் சிறுநீரகம் வலிப்பதில்லை. மூட்டுவலி அடங்கிவிட்டது, முகத்துச் சிவப்பும் மறைந்துவிட்டது என்று பரிசோதனையைத் தள்ளிப்போடுவதே, என் பார்வையில், எல்லாவற்றிலும் பெரிய தவறு. தண்ணீர் ஊற்றிய பிறகும் அடங்காத சிறுநீர் நுரையும், மாலையில் கணுக்காலில் பதியும் காலுறைத் தடமும் தென்படுமுன்பே, சிறுநீர்ப் பரிசோதனையில் புரதக் கசிவு தெரிந்துவிடும். 24 மணி நேரச் சிறுநீரில் அது 500 மில்லிகிராமைத் தாண்டினால், சிறுநீரகத் திசுவைச் சிறிதளவு எடுத்துப் பார்க்கும் பயாப்சி தேவையா என்று மருத்துவர் யோசிப்பார்.

ஆய்வக அறிக்கையில் ஏ.என்.ஏ. (செல்லின் உட்கருவுக்கு எதிரான எதிர்ப்பொருள்) ‘பாசிட்டிவ்’ என்று அச்சாகியிருப்பதாலேயே லூபஸ் ஆகிவிடாது. 1:80 அளவுக்கு நீர்த்த ரத்தச் சீரத்தில் சோதித்தால், நலமாக இருப்பவர்களிலேயே ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு அப்படி வரலாம்.

முகம் வீங்குகிறதே என்று ஸ்டீராய்டைத் தாமாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம், ஏனெனில் நெடுநாள் மாத்திரையால் ஓய்ந்துபோன, உடம்பின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி உடனே விழித்துக்கொள்ளாது. கண் கெட்டுவிடும் என்று அஞ்சி, லூபஸுக்குத் தரப்படும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரையைக் கைவிடுவோரும் உண்டு. டி.என்.ஏ.வை எதிரியாகக் காட்டும் சமிக்ஞையைத் தணிப்பதே அந்த மாத்திரைதான். கர்ப்பகாலத்திலும் பொதுவாக அது தொடரப்படுகிறது. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டாமல், தொடக்கத்தில் ஒருமுறையும் 5 ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் விழித்திரையைப் பரிசோதித்துக்கொண்டால், அஞ்சும் அந்தப் பாதிப்பைப் பெரும்பாலும் தொடக்கத்திலேயே கண்டுகொள்ளலாம்.