மின்னலைப் படம் பிடிக்க ஜன்னல் போதும்

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, ஆகஸ்ட், செப்டம்பரில் சென்னைக்கு இரவு மழை வரும். பகல் வெயிலில் வேலூர், காஞ்சிபுரம் பக்கம் திரளும் மேகம், இருட்டியபின் நகரத்தின்மேல் கொட்டித் தீர்த்துவிட்டுக் கடலுக்கு நகரும். மழை விட்டதும் கிழக்கே பாருங்கள். வங்கக் கடலின்மேல் வெகுநேரம் மின்னிக்கொண்டிருக்கும். முதல் மின்னல் படத்துக்கு அந்த நேரமே உகந்தது.

மொட்டைமாடிக்குப் போகவே வேண்டாம். மின்னல் தெரிந்ததிலிருந்து இடி கேட்கும்வரை நொடிகளை எண்ணுங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடித்தால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. ஜன்னலை விட்டும் விலகி, கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் பொறுத்திருங்கள். என்னிடம் உள்ள உருப்படியான படங்கள் எல்லாம் மூன்றாம் மாடிப் படுக்கையறையின் மூடிய ஜன்னல் வழியே எடுத்தவைதான். அறை விளக்கை அணைத்து, லென்ஸைக் கண்ணாடியை ஒட்டி வைத்து, சுற்றிலும் ஒரு கறுப்புத் துணியைப் போர்த்திவிடுவேன்.

மின்னலைக் கண்டபின் பொத்தானை அழுத்தினால் இருட்டுதான் மிஞ்சும். ஒளியை உள்ளே விடும் ஷட்டரைத் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டும். கேமராவை ட்ரைபாடில் பூட்டி, மேனுவலில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, அப்பர்ச்சர் (லென்ஸின் துவாரம்) எஃப்/8, ஷட்டர் 15 நொடி என்று தொடங்குங்கள். லென்ஸில் நடுக்கம் குறைக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். மின்னல் ஒரு நொடிகூட நிற்காது. எனவே அதன் வெளிச்சத்தைத் தீர்மானிப்பவை அப்பர்ச்சரும் ஐஎஸ்ஓவும் மட்டுமே. தெருவிளக்கால் வானம் வெளுத்தால் நொடியைக் குறையுங்கள். மின்னலே வெளுத்துப்போனால் துவாரத்தை எஃப்/11-க்குச் சுருக்குங்கள்.

என் முதல் இரவு பாழானது ஃபோகஸால். இருட்டில் ஆட்டோ ஃபோகஸ் தடுமாறும் என்பது தெரிந்திருந்ததால் மேனுவலுக்கு மாற்றி, லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைக் கடைசிவரை திருகிவிட்டேன். முடிவிலி, அதாவது வெகுதொலைவுக்கான ஃபோகஸ், அங்கேதானே இருக்கும் என்ற நினைப்பு. 112 படங்கள். கேமராத் திரையில் அத்தனையும் அழகு. கணினியில் திறந்தால் ஒவ்வொரு மின்னலும் குழைந்த சேமியாபோல் தடித்துக் கிடந்தது! ஆட்டோ ஃபோகஸ் லென்ஸ்களில் பெரும்பாலானவை முடிவிலியைத் தாண்டியும் திரும்பும்.

இப்போது செய்வது இது. தொலைவில் ஒரு செல்போன் கோபுரத்தின் உச்சியில் எரியும் சிவப்பு விளக்கைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்குவேன். வளையத்தை மெல்லத் திருப்பினால் ஊதிய பொட்டுபோல் இருக்கும் விளக்கு சுருங்கிக்கொண்டே வந்து, ஓர் இடத்தைக் கடந்ததும் மறுபடி ஊதும். ஒரு மயிரிழை திரும்பி வந்து, மிகச் சிறியதாகத் தெரியும் இடத்தில் நிறுத்தி, வளையத்தின்மேல் பிளாஸ்திரி ஒட்டிவிடுவேன். மருந்துக் கடையில் விற்கும் காகித பிளாஸ்திரிதான் நல்லது; கறுப்பு இன்சுலேஷன் டேப் பிசினை விட்டுச் செல்லும்.

மின்னலை உணர்ந்து தானே இயங்கும் கருவிகள் விற்கிறார்கள். இரவுக்கு அவை வீண் செலவு. பூட்டு வசதியுள்ள ஒயர் ரிமோட் ஒன்று போதும். கேமராவைத் தொடர் படமுறையில் வைத்துப் பொத்தானைப் பூட்டிவிட்டால் அது பாட்டுக்கு எடுத்துக்கொண்டே போகும், நீங்கள் காபி குடிக்கலாம். பத்தில் ஒன்றில் மின்னல் விழுந்தாலே நல்ல இரவு.

பின்சேர்க்கை: ஒவ்வொரு படத்துக்கும் பின் கேமரா 15 நொடி உறைந்துவிடுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். பழுது இல்லை. நீண்ட நேரப் படங்களில் புள்ளிகளைக் குறைக்க, கேமரா அதே அளவு நேரத்துக்கு ஓர் இருட்டுப் படமும் எடுக்கிறது. மெனுவில் அந்த வசதியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பாதி மின்னல்கள் அந்த இடைவேளையில் போய்விடும்.

இன்னொருவருக்கு எல்லாப் படங்களும் புகைமூட்டமாக வந்தனவாம். ஏசி ஓடும் அறை. குளிர்ந்த கண்ணாடியின் வெளிப்புறம் வியர்த்திருக்கிறது. உள்ளிருந்து எவ்வளவு துடைத்தாலும் போகாது. அரை மணி நேரம் முன்பே ஏசியை அணைத்துவிடுங்கள்.