டர்பன் – ஜோகன்னஸ்பர்க்: பயண நேரத்தைக் கணக்கிடும் முறை

தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு விமானத்தில் ஒரு மணி பத்து நிமிடம், காரில் ஆறு மணி நேரம் என்று பொதுவாகச் சொல்வார்கள். இரண்டும் பொய்யல்ல, ஆனால் முன்னது ஒரு விமான நிலையத்திலிருந்து மற்றொன்று வரையிலான நேரம், பின்னது ஏறத்தாழ வாசலிலிருந்து வாசல் வரையிலான நேரம் என்பதால், அவற்றை அப்படியே ஒப்பிட்டு முடிவெடுக்கக் கூடாது.

முதலில் தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். டர்பனின் கிங் ஷாகா, ஜோகன்னஸ்பர்க்கின் ஓ.ஆர். தாம்போ விமான நிலையங்களுக்கு இடையே நேர்க்கோட்டில் ஏறத்தாழ 480 கிலோமீட்டர். என்3 நெடுஞ்சாலையில் டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் சுமார் 570 கிலோமீட்டர். கடலோரத்தில் புறப்படும் சாலை பீட்டர்மாரிட்ஸ்பர்க், மூயி ரிவர் ஊர்களைக் கடந்து, வான் ரீனன் கணவாய் வழியாக ஹாரிஸ்மித் பீடபூமிக்கு ஏறுகிறது. போய்ச் சேரும் நகரமோ கடல்மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கும் மேலே இருக்கிறது.

சாலை நேரத்தைக் கணக்கிடும்போது, 570ஐ வேக வரம்பான 120ஆல் வகுத்துக் கிடைக்கும் நாலே முக்கால் மணியை நம்ப வேண்டாம். துறைமுகத்துச் சரக்கு லாரிகள் ஏற்றங்களில் ஊர்ந்து செல்வதாலும், மரியன்ஹில் தொடங்கி டி ஹூக் வரை ஐந்து பெரிய சுங்கச்சாவடிகள் இருப்பதாலும், சராசரி வேகத்தை 95 என்று வைப்பதே நியாயம். அப்போது ஆறு மணி நேரம் வரும். ஏறக்குறைய பாதி வழியில் உள்ள ஹாரிஸ்மித்தில் அரை மணி இளைப்பாறினால் ஆறரை. டிசம்பர் விடுமுறையிலும் ஈஸ்டரிலும் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது.

விமான நேரத்தைத் துண்டு துண்டாகக் கூட்ட வேண்டும். டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியிலிருந்து, ஜோகன்னஸ்பர்க்குக்குத் தெற்கேயுள்ள லெனேசியாவில் ஒரு கல்யாணத்துக்குப் போகும் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம்: விமான நிலையம் செல்ல 25 நிமிடம், புறப்பாட்டுக்கு முன் 90 நிமிடம், பறக்க 70, பெட்டிகளை எடுத்து வாடகைக் காரில் ஏற 40, அங்கிருந்து லெனேசியாவுக்கு ஒரு மணி நேரம். மொத்தம் நாலே முக்கால் மணி. ஓ.ஆர். தாம்போவிலிருந்து ஹௌட்ரெயின் என்ற விரைவு ரயில் கால் மணி நேரத்தில் நகரின் வடபகுதியான சாண்ட்டனில் இறக்கிவிடும் என்பது உண்மைதான். லெனேசியா செல்பவருக்கு அதனால் பயனில்லை.

வீடு எங்கே என்பதைப் பொறுத்தே முடிவு மாறும். டர்பன் விமான நிலையம் 2010இல் நகரின் தெற்கிலிருந்து வடக்கே லா மெர்சிக்கு மாறிய பிறகு, அந்தப் பக்கத்து வெருலம், டொங்காட் மக்களுக்கு விமானம் வசதியாயிற்று. தெற்கே உள்ள சாட்ஸ்வொர்த்காரர்கள் நகரைக் கடந்து வடக்கே செல்ல வேண்டியிருப்பதால், அவர்களுக்கு மிச்சமாவது ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். பீட்டர்மாரிட்ஸ்பர்க் குடும்பம் சாலையில் 80 கிலோமீட்டர் முன்னதாகவே இருக்கிறது, கிங் ஷாகாவில் விமானம் ஏறவோ கீழே இறங்கி வர வேண்டும். அவர்கள் காரில் போவதே நல்லது. நான்கு பேர் சேர்ந்து போனால் செலவும் பெரும்பாலும் காருக்கே சாதகமாக இருக்கும்.

ஞாயிறு காலை முகூர்த்தமானால், காரில் செல்பவர்கள் சனிக்கிழமை பகலிலேயே கணவாயைக் கடந்துவிட வேண்டும். 2024 செப்டம்பரில் வான் ரீனன் பகுதியில் பெய்த பனி என்3ஐ மூடி, வாகனங்களை இரவு முழுவதும் நிறுத்திவைத்தது. பனிக்காலத்தில் கிளம்புமுன் சாலை நிலவரத்தைப் பார்த்துவிட்டு, போர்வையும் தண்ணீரும் வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.