கடவுச்சொல் மறந்துவிட்டதா? கணினியை அழிக்கக் கொடுக்கும் முன் இதைச் செய்து பாருங்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சிங்கப்பூரின் அங் மோ கியோவில் இருக்கும் என் மாமா தொலைபேசியில் அழைத்தார். "கணினி என்னை உள்ளே விடவே மாட்டேன் என்கிறது, தம்பி. ஒரு கடையில் கேட்டேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தருகிறோம், 80 வெள்ளி ஆகும் என்கிறார்கள். கொடுத்துவிடட்டுமா?"

அந்தக் கணினியில் பேரப்பிள்ளைகள் பிறந்த நாளிலிருந்து எடுத்த படங்கள் இருக்கின்றன. வேறெங்கும் நகல் இல்லை. "கொடுக்காதீர்கள் மாமா, நான் வருகிறேன்" என்று உடனே கிளம்பினேன்.

கடவுச்சொல் மறந்தால் கணினியை அழித்தே ஆக வேண்டும் என்று பலரும் நம்புகிறார்கள். பெரும்பாலான நேரங்களில் அதற்குத் தேவையே இல்லை. விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டுக்கும் பொருந்தும் வழிகளை, நான் முயலும் வரிசையிலேயே சொல்கிறேன். உங்கள் சொந்தக் கணினியிலோ, உரியவர் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டாலோ மட்டும் செய்யுங்கள். அனுமதியின்றி அடுத்தவர் கணினிக்குள் நுழைவது, சிங்கப்பூரின் 1993ஆம் ஆண்டுக் கணினி முறைகேட்டுச் சட்டப்படி குற்றம்.

படி 1: உண்மையிலேயே மறந்துவிட்டதா?

மாமா என் கண் முன்னே கடவுச்சொல்லைத் தட்டினார். வரிசையாகக் கரும்புள்ளிகள் விழுந்தன. என்டர் தட்டுவதற்கு முன் அவர் கையை நிறுத்தி, பெட்டியின் வலது ஓரத்தில் இருக்கும் கண் படத்தின் மேல் சுட்டியை வைத்து அழுத்திப் பிடித்தேன். புள்ளிகள் மறைந்து எழுத்துகள் தெரிந்தன. அத்தனையும் தமிழ் எழுத்துகள்! அத்தை ஊருக்கு மின்னஞ்சல் எழுதுவதற்காகத் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்திருக்கிறார். அது நுழைவுத் திரையிலும் வந்து உட்கார்ந்துகொண்டது. மாமா சரியான விசைகளைத்தான் தட்டியிருக்கிறார், கணினிக்குப் போனதுதான் வேறு.

தமிழ்99 இப்போது விண்டோஸோடு சேர்ந்தே வருவதால் நம் வீடுகளில் இது எளிதில் நடக்கக்கூடியது. திரையின் வலது கீழ் மூலையில் மொழிக்குறி இருக்கும். அதைச் சொடுக்கி ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் விசையை அழுத்தியபடி ஸ்பேஸ் பாரைத் தட்டினாலும் மொழி மாறும். கேப்ஸ் லாக், எண் விசைகளுக்கான 'நம் லாக்' இரண்டையும் கூடவே பாருங்கள். மடிக்கணினியில் விசை ஏதாவது வேலை செய்யாமல் போயிருந்தால், அதையும் இந்தக் கண் படம் காட்டிக்கொடுத்துவிடும்.

படி 2: கேட்பது கடவுச்சொல்லா, பின் எண்ணா?

பின் எண் என்பது அந்த ஒரு கணினிக்கு மட்டும் உரியது. கடவுச்சொல் வேறு. பின் மறந்திருந்தால் 'சைன்-இன் ஆப்ஷன்ஸ்' என்பதைச் சொடுக்குங்கள். அங்கே சாவிப் படம் தெரிந்தால், அதன் வழியாகக் கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே போகலாம். சிலர் பதற்றத்தில், சிங்கப்பூர் அரசுச் சேவைகளுக்கான சிங்பாஸ் கடவுச்சொல்லை இங்கே தட்டிப் பார்க்கிறார்கள். அதற்கும் இந்தத் திரைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

படி 3: எந்த வகைக் கணக்கு?

எல்லாம் இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. வேண்டுமென்றே தவறான கடவுச்சொல் ஒன்றைத் தட்டி என்டர் கொடுங்கள். கீழே 'ரீசெட் பாஸ்வேர்ட்' என்று வந்தால் அது உள்ளூர்க் கணக்கு, அதாவது அந்தக் கணினிக்குள் மட்டும் இருப்பது. 'ஐ ஃபர்காட் மை பாஸ்வேர்ட்' என்று வந்தால், மின்னஞ்சல் முகவரியோடு இணைந்த மைக்ரோசாஃப்ட் கணக்கு. மீண்டும் மீண்டும் தட்டிக்கொண்டே இருக்காதீர்கள். விண்டோஸ் 11இன் அண்மைப் பதிப்புகளில் 10 முறை தவறினால் 10 நிமிடங்களுக்குக் கணக்கு பூட்டிக்கொள்ளும்.

படி 4: உள்ளூர்க் கணக்கு என்றால்

'ரீசெட் பாஸ்வேர்ட்' என்பதைச் சொடுக்கினால், கணக்கு தொடங்கியபோது நீங்கள் தேர்ந்தெடுத்த மூன்று கேள்விகள் வரும். மூன்றுக்கும் சரியாக விடை சொன்னால் அப்போதே புதிய கடவுச்சொல் வைத்துக்கொள்ளலாம்.

விடைகளும் நினைவில்லையா? அதே கணினியில் நிர்வாகி (அட்மினிஸ்ட்ரேட்டர்) உரிமையுள்ள இன்னொரு கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள். மாமாவின் சிக்கல் தீர்ந்ததும் அத்தை, "வந்தது வந்தாய், என் கணக்கையும் திறந்து கொடுத்துவிட்டுப் போ" என்றார். அவருக்கு உண்மையிலேயே மறந்துவிட்டது. மாமாவின் கணக்கு நிர்வாகிக் கணக்கு என்பதால் வேலை எளிதாக முடிந்தது.

நிர்வாகிக் கணக்கில் நுழைந்து, விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்துங்கள். சிறு பெட்டி திறக்கும். அதில் என், ஈ, டி, பி, எல், டபிள்யூ, ஐ, இசட் என்ற எட்டு ஆங்கில எழுத்துகளை இடைவெளி விடாமல் தட்டி என்டர் கொடுங்கள். பயனர் பட்டியல் வரும். உரியவரின் பெயரைச் சொடுக்கி, கீழே உள்ள 'ரீசெட் பாஸ்வேர்ட்' பொத்தானை அழுத்திப் புதிய கடவுச்சொல்லை இரண்டு முறை கொடுங்கள். பொத்தான் மங்கலாக இருந்தால், அது மைக்ரோசாஃப்ட் கணக்காகவோ நீங்கள் இப்போது நுழைந்திருக்கும் கணக்காகவோ இருக்கும்.

பொத்தானை அழுத்தும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இப்படி வெளியிலிருந்து மாற்றும்போது படங்களுக்கும் சாதாரணக் கோப்புகளுக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் அந்தக் கணக்கில் விண்டோஸ் வழியாக மறையாக்கம் (என்கிரிப்ஷன், அதாவது பிறர் படிக்க முடியாதபடி பூட்டுவது) செய்த கோப்புகளும், உலாவி சேமித்து வைத்த கடவுச்சொற்களும் கைக்கு எட்டாமல் போகலாம். அத்தையிடம் இதைச் சொல்லி, அவர் "சரி" என்ற பிறகுதான் மாற்றினேன்.

படி 5: மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால்

பூட்டிய கணினியோடு போராட வேண்டாம். கைப்பேசியின் உலாவியில் அக்கவுண்ட் டாட் லைவ் டாட் காம் என்ற முகவரியை ஆங்கிலத்தில் தட்டிச் செல்லுங்கள். மின்னஞ்சலைக் கொடுத்து, கடவுச்சொல் மறந்துவிட்டது என்பதைத் தேர்ந்தெடுத்தால், பதிவு செய்த தொலைபேசி எண்ணுக்கோ மாற்று மின்னஞ்சலுக்கோ ஒரு குறியீடு வரும். அதைக் கொடுத்துப் புதிய கடவுச்சொல் வையுங்கள். பிறகு கணினியை இணையத்தோடு இணைத்துவிட்டு நுழையுங்கள். இணையம் இல்லாவிட்டால், நீங்கள் மாற்றியது கணினிக்குத் தெரியாது.

ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர்களில் பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். என் நண்பர் ஒருவர் சென்னையில் இருந்தபோது தொடங்கிய கணக்கு அது. குறியீடு அந்தப் பழைய இந்திய எண்ணுக்கே போனது. சிம் அட்டையோ ரீசார்ஜ் செய்யாமல் எப்போதோ செத்துவிட்டது. மாற்று மின்னஞ்சலும் இல்லை. கடைசியில் மீட்புப் படிவத்தை நிரப்பித்தான் கணக்கைத் திரும்பப் பெற்றார். பழைய பாதுகாப்பு விவரங்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற நேர்ந்தால், மைக்ரோசாஃப்ட் 30 நாள் காத்திருக்கச் சொல்லும். அதனால், இப்போது உங்கள் கணக்கு நன்றாகத் திறக்கிறது என்றால், இன்றைக்கே உள்ளே போய் சிங்கப்பூர் எண்ணைச் சேர்த்துவிடுங்கள். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

படி 6: எதுவுமே பலிக்கவில்லை என்றால்

அழித்து நிறுவுவது கடைசி வழி. அதற்கு முன் வன்தட்டிலுள்ள (ஹார்ட் டிஸ்க்) கோப்புகளை வெளியே எடுத்துத் தர முடியுமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். வன்தட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி தேவைப்படும். பல கணினிகளில் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும்.

கடவுச்சொல்லை உடைத்துத் தரும் இலவச மென்பொருள் என்று கண்டதையும் பதிவிறக்காதீர்கள். திரையில் எச்சரிக்கையோடு தோன்றும் தொலைபேசி எண்ணை ஒருபோதும் அழைக்காதீர்கள். மைக்ரோசாஃப்ட்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருக்காது. சந்தேகம் வந்தால் 1799 என்ற, சிங்கப்பூரின் மோசடித் தடுப்புக்கான ஸ்கேம்ஷீல்டு உதவி எண்ணை அழைத்துக் கேளுங்கள்.

உள்ளே நுழைந்த பிறகு

உள்ளூர்க் கணக்கு வைத்திருப்பவர்கள் ஒரு யூஎஸ்பி விரலியை (பென் டிரைவ்) செருகி, கன்ட்ரோல் பேனலில் பயனர் கணக்குகள் பகுதிக்குப் போய், கடவுச்சொல் மீட்பு வட்டு ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள். பிறகு எத்தனை முறை கடவுச்சொல்லை மாற்றினாலும் அதே விரலி உதவும். கிடைத்தவர் எவரும் அதை வைத்துக் கணக்கைத் திறந்துவிடலாம் என்பதால், வீட்டுப் பத்திரங்களோடு வைத்துப் பூட்டுங்கள்.

மாமாவின் படங்களை அன்றே ஒரு வெளிவட்டில் நகலெடுத்தோம். நகலெடுத்து முடியும்வரை அத்தை ஒவ்வொரு படமாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.