பொட்டோசி போகிறீர்களா? முதலில் அவசரத்தை விடுங்கள்

பொலிவியாவில் இருக்கும் பொட்டோசி 4,000 மீட்டருக்கும் மேலே இருக்கிற ஊர், அதாவது நம் லடாக்கின் லே நகரத்தைவிட இன்னும் ஐந்நூறு மீட்டர் உயரம். கடலோரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கிற ஆக்ஸிஜனில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் அங்கே கிடைக்கும். அப்படியிருந்தும், அதே நாட்டின் தாழ்வான சாந்தா குரூஸ் நகரப் பக்கமிருந்து முதுகுப்பையோடு நேராக வந்து இறங்கி, அன்றைக்கே அங்கிருக்கும் வெள்ளிச் சுரங்கம் பார்க்கக் கிளம்புகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வழியில் 2,800 மீட்டரில் சுக்ரே இருக்கிறது, அழகான ஊர். அங்கே இரண்டு மூன்று இரவு தங்கினால் உடம்பு கொஞ்சம் பழகிவிடும், அப்புறம் பஸ்ஸில் மூன்று நான்கு மணி நேரம்தான்.

உயரத்தால் தலைவலியும் குமட்டலும் வந்தால் கோக்கா டீ (கொக்கெயின் எடுக்கிற செடியின் இலையில் போடுவது) குடித்துச் சரிசெய்துவிடலாம் என்று நம்புவது இன்னொரு தவறு. டீ இதமாக இருக்கும், அவ்வளவுதான். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ நடை தள்ளாடினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள், கீழே இறங்க வழி பாருங்கள். உயரத்தால் வரும் நோயைத் தடுக்கிற அசெட்டசோலமைடு மாத்திரை உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது. கோக்கா இலையையோ டீ பாக்கெட்டையோ ஞாபகார்த்தமாக இந்தியாவுக்குக் கொண்டுவரவே கூடாது, இங்கே அது சட்டப்படி குற்றம்.

இனி செர்ரோ ரிக்கோ, ஊருக்கு மேலே நிற்கும் அந்தச் செம்மண் நிற மலை. 1545 முதல் அதிலிருந்து வெள்ளி எடுத்தார்கள். 1570களில் அந்தப் பகுதியை ஆண்ட ஸ்பானிய வைஸ்ராய் டோலேடோ கொண்டுவந்த 'மீட்டா' முறையில், சுற்று மாகாணங்களின் பழங்குடி ஆண்களில் ஏழில் ஒரு பங்கினரை முறைவைத்துக் கட்டாய வேலைக்கு இழுத்தார்கள். எத்தனை பேர் அதற்குள் செத்தார்கள் என்பதற்கு ஒழுங்கான கணக்கே இல்லை. இன்றைக்கும் கூட்டுறவுச் சங்கங்களின் தொழிலாளர்கள் தகரமும் துத்தநாகமும் வெள்ளியும் தேடி உள்ளே போகிறார்கள், பாறைத்தூசியால் நுரையீரல் கெட்டு நடுவயதிலேயே இறந்துபோகிறார்கள். அதனால் இதை ஒரு சாகசச் சுற்றுலாவாக நினைத்துப் போவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். டைனமைட் வெடித்துக் காட்டச் சொல்லாதீர்கள். மலை ஏற்கெனவே உள்ளே குடைந்து குடைந்து உச்சியே சரிந்துகொண்டிருக்கிறது, 2014ல் யுனெஸ்கோ இந்த நகரத்தை ஆபத்திலுள்ள பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் சேர்த்ததற்கு அதுவும் ஒரு காரணம். வேலை செய்கிறவர் முகத்துக்கு நேரே கேட்காமல் கேமராவை நீட்டாதீர்கள். உள்ளே கொம்போடு உட்கார்ந்திருக்கும் 'டியோ' சிலைக்கு அவர்கள் கோக்கா இலையும் சிகரெட்டும் படைத்து உயிருக்குக் காவல் கேட்கிறார்கள், அதன் தோளில் கைபோட்டு செல்ஃபி எடுப்பது நம் ஊர் காவல் தெய்வத்திடம் அப்படி நடந்துகொள்வது மாதிரிதான். முன்பு சுரங்கத்தில் வேலை பார்த்தவரே வழிகாட்டியாக வருகிறாரா, கட்டணத்தில் தொழிலாளர்களுக்கு ஏதாவது போகிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ குறுகிய இடத்தில் பயமோ இருந்தால் போகவே வேண்டாம், சில இடங்களில் தவழ்ந்துதான் போக வேண்டும், தூசியும் விஷவாயுவும் உண்டு.

சுரங்கம் முடிந்ததும் மூட்டையைக் கட்டிவிடுகிறார்களே, அதுவும் வருத்தமாக இருக்கிறது. அந்த வெள்ளி எங்கே போனது என்று புரிய, 1773ல் கட்டி முடித்த நாணயச்சாலையைப் பார்க்க வேண்டும். வெள்ளியைத் தகடாக்கக் கோவேறு கழுதைகளைப் பூட்டிச் சுற்றவைத்த பெரிய மரச்சக்கரங்கள் இன்னும் அங்கே நிற்கின்றன. உள்ளே நல்ல குளிர், ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள். ஜூன், ஜூலை இரவுகளில் வெளியே உறைநிலைக்கும் கீழே போய்விடும், பகல் வெயிலோ தோலை உரித்துவிடும்.

கையில் பொலிவியானோ நோட்டும், பயணத்திட்டத்தில் ஓரிரு நாள் உபரியும் வைத்துக்கொள்ளுங்கள், சாலை மறியல் அங்கே அடிக்கடி நடக்கும். அப்படி ஒரு நாள் சும்மா கிடைத்தால் சான் பிரான்சிஸ்கோ மடத்தின் கூரைக்கு நின்று நின்று படியேறுங்கள். ஓட்டுக்கூரைகளுக்குப் பின்னால் அந்த மலை முழுசாகத் தெரியும்.