பழைய காரின் தானியங்கி ஏசி: கேஸ் நிரப்பும் முன் பார்க்க வேண்டியவை

பத்து ஆண்டுகளைக் கடந்த காரில் தானியங்கி ஏசி (வேண்டிய வெப்பநிலையைக் குறித்தால் மற்றதைத் தானே பார்த்துக்கொள்ளும் ஏசி) சரியாகக் குளிரவில்லை என்றால், பட்டறையில் முதலில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் "கேஸ் குறைந்திருக்கும்" என்பதுதான். சில வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் இவ்வகை ஏசியில் குளிரை உண்டாக்கும் பகுதி வேறு. அந்தக் குளிரை எவ்வளவு, எந்த வேகத்தில் உள்ளே விடுவது என்று முடிவெடுக்கும் பகுதி வேறு. இவ்விரண்டில் எது பழுது என்று பிரித்தறிந்த பிறகே பணம் செலவழிக்க வேண்டும்.

அதற்கு எளிய வழி உண்டு. எஞ்சினை இயக்கி, உட்காற்றுச் சுழற்சியைப் போட்டு, வெப்பநிலையைத் திரையில் 'லோ' என்று வரும் வரை குறைக்க வேண்டும். அந்த நிலையில் பெரும்பாலான கார்கள் சென்சார்கள் சொல்வதைப் பொருட்படுத்தாமல், ஹீட்டர் பக்கத்து ஃபிளாப்பை (காற்றின் வழியைத் திருப்பும் சிறு கதவை) முழுவதும் மூடி, முழுக் குளிரையும் தந்துவிடும். சில நிமிடங்களில் நடு வென்ட்டில் நல்ல குளிர்காற்று வந்து, பிறகு 24 டிகிரியில் ஆட்டோவுக்கு மாற்றியதும் கோளாறு திரும்பினால், குளிரை உண்டாக்கும் கேஸ், கம்ப்ரஸர் இரண்டின் மீதும் சந்தேகம் கொள்ளத் தேவையில்லை. பழுது சென்சார்களில் இருக்கிறது என்றே முதலில் கொள்ளலாம்.

சென்சார்களில் அதிகம் ஏமாற்றுவது கேபின் சென்சார். டேஷ்போர்டில், பெரும்பாலும் ஸ்டீயரிங்குக்கு அருகில், சிறிய துளைகள் கொண்ட ஒரு மூடிக்குள் அது இருக்கும். அறைக்காற்று அதன் மீது ஓடிக்கொண்டே இருந்தால்தான் அது சரியாக அளக்கும். அதற்காகச் சில கார்களில் சிறு மின்விசிறியும், சிலவற்றில் ஏசி பெட்டியிலிருந்து வரும் மெல்லிய குழாயும் உண்டு. குழாய் கழன்றாலோ தூசி அடைத்தாலோ, சென்சார் காருக்குள் இருக்கும் வெப்பநிலையை விட்டுவிட்டு டேஷ்போர்டின் உட்சூட்டை அளக்கத் தொடங்கும். புளோயர் ஓடும்போது டிஷ்யூ தாளின் சிறு துண்டை அந்தத் துளைகளின் மேல் வைத்துப் பாருங்கள்: தாள் ஒட்டிக்கொண்டால் காற்றோட்டம் உண்டு, விழுந்துவிட்டால் முதலில் சரிசெய்ய வேண்டியது அதுதான்.

வெளிவெப்பநிலை சென்சார் முன்பம்பருக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு முன்பாக இருக்கும். பம்பரைக் கழற்றி வேலை செய்தவர்கள் அதன் கனெக்டரை மீண்டும் மாட்ட மறந்துவிடுவது உண்டு. இணைப்பு அறுந்தால் சில கார்கள் வெளியே கடுங்குளிர் என்று எண்ணி, கம்ப்ரஸரையே ஓடவிடாமல் நிறுத்திவிடும். திரையில் மைனஸ் கணக்கில் வெப்பநிலை தெரிந்தால் நேராகப் பம்பருக்குச் செல்லலாம். வெயில் சென்சாரோ டேஷ்போர்டின் மேற்பரப்பில் கறுப்புப் பொத்தான் போல இருக்கும். அதன் மீது விரிப்பும் பிள்ளையார் சிலையும் அமர்ந்திருப்பதை நம் ஊரில் அடிக்கடி காணலாம். பிள்ளையாரை ஓர் அங்குலம் நகர்த்தினால் போதும்.

டொயோட்டாவின் பல பழைய மாடல்களில் தன்பரிசோதனை வசதி இருக்கிறது. ஆட்டோ பொத்தானையும் காற்றுச் சுழற்சிப் பொத்தானையும் சேர்த்து அழுத்தியபடி இக்னிஷனை ஆன் செய்தால், விளக்குகள் சில முறை மின்னி அடங்கியபின் எண்கள் வரும். 00 என்றால் பழுது ஏதுமில்லை. 11 கேபின் சென்சார், 12 வெளிவெப்பநிலை சென்சார், 13 கூலிங் காயில் (உள்ளே வரும் காற்றைக் குளிரவைக்கும் பகுதி) சென்சார், 21 வெயில் சென்சார். கூரைக்கு அடியில் நிறுத்திச் சோதித்தால் நல்ல வெயில் சென்சாரும் 21 என்ற எண்ணைக் காட்டும் என்பதால், வெயிலில் வைத்து மறுபடி பார்க்காமல் அதை மாற்றிவிடக் கூடாது. மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் வெப்பநிலை சென்சார்களில் ஒன்றைக் கழற்றியும் அளக்கலாம்: சூடு ஏற ஏற அதன் மின்தடை சீராகக் குறைய வேண்டும். இடையில் எண் தாவினாலோ அசையாமல் நின்றாலோ சென்சார் கெட்டுவிட்டது.

'லோ' நிலையிலும் வெப்பக்காற்றே வந்தால், டேஷ்போர்டுக்குள் 'டக் டக்' என்ற ஓசை கேட்கிறதா என்று கவனியுங்கள். ஃபிளாப்பைத் திருப்பும் சிறு மோட்டாரின் பிளாஸ்டிக் பற்சக்கரம் தேய்ந்ததற்கு அதுவே அடையாளம். பேட்டரி இணைப்பைக் கழற்றி மாட்டினால் சில கார்களில் மோட்டார் தன் எல்லைகளை மீண்டும் அறிந்துகொண்டு சரியாகிவிடும். பற்கள் உடைந்திருந்தால் அது பயன்படாது. இருபக்கமும் தனித்தனி வெப்பநிலை கொண்ட கார்களில் ஒருபக்கம் மட்டும் குளிராமல் போனால் உடனே மோட்டாரைக் குறை சொல்ல வேண்டாம். கேஸ் குறைந்து கூலிங் காயிலின் ஒரு பாதி மட்டும் குளிரும்போதும் இதே அறிகுறி தோன்றும். டேஷ்போர்டின் அடியில் கை வைக்கும் முன் பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருங்கள். மஞ்சள் நிறக் கனெக்டர்கள் ஏர்பேக்கைச் சேர்ந்தவை. அவற்றைத் தொடக் கூடாது.

நெடுஞ்சாலையில் முதலில் நன்றாகக் குளிர்ந்து, பிறகு காற்றே குறைந்து, ஏசியைச் சற்று நிறுத்தியதும் சரியாகிறது என்றால், கூலிங் காயிலில் பனி கட்டுகிறது. உறைவதற்கு முன்பே கம்ப்ரஸரை நிறுத்தச் சொல்ல வேண்டிய காயில் சென்சாரே அங்கே முதல் சந்தேகம். அடைபட்ட கேபின் ஃபில்டரும் இதற்குத் துணைபோகும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் குளிரவில்லை என்றால்தான் கேஸ் பக்கம் போக வேண்டும். எஞ்சின் நின்றிருக்கும்போது காட்டும் அழுத்தத்தை வைத்து அளவை முடிவு செய்ய முடியாது. இத்தகைய கார்களின் ஏசி கேஸான ஆர்-134ஏ 30 டிகிரியில் ஏறத்தாழ 97 பிஎஸ்ஐ காட்டும், ஆனால் குழாய்க்குள் சிறிதளவு திரவம் மிஞ்சியிருந்தாலே அந்த எண் வந்துவிடும். இருப்பதை முழுவதும் வெளியே எடுத்து, கசிவு இருக்கிறதா என்று சோதித்து, பானட்டின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் குறித்திருக்கும் கிராம் அளவை இயந்திரத்தில் எடை பார்த்து நிரப்பச் சொல்லுங்கள்.