கேமிங்குக்கும் வீடியோ எடிட்டிங்குக்கும் வீட்டுக் கணினியை மேம்படுத்தும் முறை

கணினி திணறத் தொடங்கியதும் பலரும் முதலில் தேடுவது கிராஃபிக்ஸ் கார்டைத்தான். கேமிங்குக்கு அது பெரும்பாலும் சரி. எடிட்டிங்குக்குப் பல நேரம் வீண் செலவு. ஆகவே எதையும் வாங்கும் முன், எந்தப் பாகம் தடுக்கிறது என்று கண்டுபிடியுங்கள்.

விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதன் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்து, ஃபிரேம் வரம்பை (நொடிக்கு இத்தனை காட்சிகள்தான் என்ற கட்டுப்பாட்டை) நீக்கிவிட்டு, வழக்கமான கேமைப் பத்து நிமிடம் ஆடுங்கள். கிராஃபிக்ஸ் கார்டு 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் தடை அங்கேதான். அது 60, 70 என்று ஏறி இறங்கினால் பிராசஸரைச் சந்தேகியுங்கள். பிராசஸரின் மொத்தப் பயன்பாடு 35 சதவீதம் என்று காட்டினாலும் நம்பிவிடாதீர்கள். பல கேம்கள் ஒன்றிரண்டு கோர்கள் (பிராசஸருக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதிகள்) மீதே பெரும் சுமையை ஏற்றும். மற்றவை சும்மா இருப்பதால் மொத்தக் கணக்கு குறைவாகத் தெரியும். வரைபடத்தின் மீது வலது கிளிக் செய்து, லாஜிக்கல் பிராசஸர்களைத் தனித்தனியாகப் பாருங்கள்.

எடிட்டிங்குக்கும் இதே சோதனைதான். டைம்லைனை ஓடவிடும்போது மெமரி 90 சதவீதத்தைத் தாண்டினால் ரேம் போதவில்லை. டிஸ்க் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டால் டிரைவ் மெதுவானது. இரண்டுமே இல்லாமல் காட்சி விக்கினால், கோளாறு பெரும்பாலும் கோடெக்கில், அதாவது வீடியோவைச் சுருக்கியிருக்கும் முறையில், இருக்கிறது.

இந்தக் கோடெக் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பணம் அதிகம் வீணாவது இங்கேதான். இன்றைய மிரர்லெஸ் கேமராக்கள் பலவும் நிற விவரம் அதிகமுள்ள 10 பிட், 4:2:2 எச்.265 வடிவில் பதிவு செய்கின்றன. கோப்பு சிறிதாக இருக்கும், ஆனால் அதை விரித்துக் காட்ட நிறையக் கணக்கீடு தேவை. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 40 வரிசை வரையிலான கார்டுகளில் இந்த வடிவத்தை விரிக்கும் சுற்று (டிகோடர்) கிடையாது. ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது. இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் டெஸ்க்டாப் பிராசஸர்களுக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் இதைச் சுலபமாகச் செய்துவிடும். பெயரின் இறுதியில் ‘எஃப்’ என்று இருக்கும் மாடல்களில் அந்த கிராஃபிக்ஸ் இல்லை. தனிக் கார்டு செருகியதும் பல மதர்போர்டுகள் உள் கிராஃபிக்ஸை அணைத்துவிடும் என்பதால், பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரையில்) போய் அதை மீண்டும் இயக்க வேண்டும். பாகம் எதையும் மாற்ற விருப்பமில்லையா? எடிட்டிங் மென்பொருளிலேயே அரை அல்லது கால் அளவில் புராக்ஸி கோப்புகளை (மூலக் கோப்பின் இலகுவான நகல்களை) உருவாக்கி, அவற்றை வைத்து எடிட் செய்யுங்கள். எக்ஸ்போர்ட் செய்யும்போது மூலக் கோப்பே பயன்படும்; தரம் குறையாது.

ரேம் எவ்வளவு வேண்டும்? கேமிங்கும் 1080பி எடிட்டிங்கும் என்றால் 16 ஜிபி, 4கே என்றால் 32 ஜிபி, கனமான எஃபெக்ட்ஸ் சேர்ந்தால் 64 ஜிபி. ஒரே பெட்டியில் வரும் ஜோடியாக வாங்குங்கள். நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில், பிராசஸரிலிருந்து எண்ணி 2ஆவது, 4ஆவது ஸ்லாட்களில் செருகுவதே பொதுவான முறை. மேனுவலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ரேம் தலைமுறைகளான டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் ஸ்டிக்கின் அடியில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும், ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. டிடிஆர்5இல் ஏற்கெனவே இரண்டு ஸ்டிக் இருந்தால், கூடுதலாக இரண்டைச் சேர்க்காமல் பெரிய ஜோடியாக மாற்றுவது நல்லது. நான்கு ஸ்டிக் போட்டால் வேகம் இறங்கும், சில நேரம் கணினி தொடங்கவே தொடங்காது. செருகியபின் பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை (ரேமை அதற்குக் குறித்த வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பை) இயக்குங்கள். இல்லையென்றால் 6000 வேகத்துக்குப் பணம் கொடுத்த ரேம் 4800இல் ஓடிக்கொண்டிருக்கும். டிடிஆர்5 போட்ட பிறகு முதல் முறை இயக்கும்போது திரை சில நிமிடம் இருண்டே இருக்கலாம். அது மெமரி டிரெயினிங், அதாவது கணினி புதிய ரேமைச் சோதித்துச் சரிப்படுத்திக்கொள்ளும் வேலை. பயந்து பவரை அணைக்காதீர்கள்.

டிரைவைப் பொறுத்தவரை, ஹார்டு டிஸ்கிலிருந்து எந்த எஸ்எஸ்டிக்குப் போனாலும் பெரிய மாற்றம் தெரியும். பழைய இணைப்பு முறையான சாட்டா எஸ்எஸ்டி நொடிக்குச் சுமார் 550 எம்பி, வேகமான புதிய முறையான என்விஎம்இ எஸ்எஸ்டி (நான்காம் தலைமுறை) சுமார் 7000 எம்பி படிக்கும். கேம் லோடாகும் நேரத்தில் இந்த இரண்டுக்கும் இடையே அவ்வளவு வித்தியாசம் இராது. எடிட்டிங்கில் மூலக் கோப்பையும் கேஷையும் (மென்பொருள் தற்காலிகமாக எழுதும் கோப்புகளையும்) விண்டோஸ் இல்லாத தனி என்விஎம்இயில் வைத்தால் பலன் உண்டு. மதர்போர்டில் எம்.2 எனப்படும் சிறிய ஸ்லாட்டில் எஸ்எஸ்டி செருகியதும் பழைய ஹார்டு டிஸ்க் காணாமல் போனால் அது பழுதாகிவிடவில்லை. சில மதர்போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டும் ஒரு சாட்டா போர்ட்டும் ஒரே பாதையைப் பகிர்கின்றன. கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் போதும்.

கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும் முன் கேபினட்டுக்குள் இருக்கும் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். 1440பி கேமிங்கும் 4கே எடிட்டிங்கும் சேர்ந்தால் 12 ஜிபி வீடியோ மெமரிக்குக் குறைய வேண்டாம். மதர்போர்டு ஸ்லாட் 75 வாட், 6 பின் கேபிள் 75 வாட், 8 பின் கேபிள் 150 வாட் தரும். இரண்டு 8 பின் தேவைப்படும் கார்டுக்கு, ஒரே கேபிளின் இரு கிளைகளைச் செருகாமல் தனித்தனிக் கேபிள்கள் கொடுங்கள். புதிய 16 பின் கனெக்டரை இடைவெளி தெரியாத அளவுக்கு முழுதாக அழுத்துங்கள். அரைகுறையாகச் செருகினால் சூடேறி உருகிவிடக்கூடும்.

பவர் சப்ளையையும் மாற்றுகிறீர்கள் என்றால் இதை மறக்கவே கூடாது: பழைய மாடுலர் (பவர் சப்ளையிலிருந்து கழற்றக்கூடிய) கேபிள்களைப் புதியதில் பயன்படுத்தாதீர்கள். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே பின் வரிசை வேறாக இருக்கலாம். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் டிரைவ்கள் அந்த நொடியே கருகிவிடும். பிராண்டட் கணினிகளில் பவர் சப்ளை கனெக்டரே தனி வடிவில் இருப்பதுண்டு, திறந்து பார்த்த பிறகே வாங்குங்கள்.

கார்டு மாற்றியபின் மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகுங்கள், மதர்போர்டில் அல்ல. விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்பில் ரெஃப்ரெஷ் ரேட்டையும் (திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதையும்) சரிபாருங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 60இலேயே ஓடுவது மிகச் சாதாரணம்.

பிராசஸரை மட்டும் மாற்ற முடியுமா என்பது மதர்போர்டில் பிராசஸர் அமரும் சாக்கெட்டைப் பொறுத்தது. ஏஎம்4 சாக்கெட் போர்டில் ஏஎம்டியின் ரைசன் 5000 வரை, எல்ஜிஏ1700 போர்டில் இன்டெல் 12 முதல் 14ஆம் தலைமுறை வரை போடலாம். பழைய பிராசஸர் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். அதற்கும் முன்பு பிட்லாக்கர் (விண்டோஸின் டிரைவ் பூட்டு) மீட்புச் சாவியை வெளியே சேமித்துக்கொள்ளுங்கள், இல்லையேல் டிரைவ் பூட்டிக்கொண்டால் திறக்க வழியிருக்காது. ஏஎம்4இல் பிராசஸரைக் குளிர்விக்கும் கூலரை நேராக இழுத்தால் பிராசஸரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வரக்கூடும். கணினியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, இரண்டுக்கும் இடையே இருக்கும் பேஸ்ட்டை இளக்கி, அணைத்து, கூலரை மெல்லத் திருகி எடுங்கள். புதிய கூலரின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் படலத்தை உரிக்க மறக்காதீர்கள்.

எல்லாம் பொருத்தியபின், ரேமைச் சோதிக்கும் மென்பொருளான மெம்டெஸ்ட்86ஐ ஓர் இரவு ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் எக்ஸ்எம்பியை அணைத்து மறுபடி சோதியுங்கள். அப்போதும் பிழை வந்தால் ஸ்டிக்குகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, கெட்டதை வாரண்டியில் திருப்பிக் கொடுங்கள்.